பெட்டி கட்டும் மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் திருச்சி பொன்மலையிலிருந்து ஒரு தம்பி என்னை அழைத்தார். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை உறுதியாகி, விசா நேர்காணலும் முடிந்து, புறப்பட இன்னும் மூன்று மாதங்கள் இருக்கும் நிலையில், தாம் வாங்கி வர வேண்டியவை என்று எழுதி வைத்திருந்த பட்டியலை முழுவதுமாகப் படித்துக் காட்டினார். அதில் 84 பொருள்கள் இருந்தன. கேட்டு முடித்ததும், "உங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டருக்கு யார் பதிவு செய்கிறார்கள்?" என்று கேட்டேன். "நான்தான் அண்ணா" என்றார். "மின்கட்டணம் கட்டுவது?" "அதுவும் நான்தான்." "அப்பாவின் வங்கிக் கணக்கில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது?" சற்று நேரம் பதில் வரவில்லை. பிறகு, "என்னுடையதுதான்" என்றார்.

2017 செப்டம்பரில் நானும் இதே ஸ்டுட்கார்ட்டுக்குப் புறப்பட்டபோது யாரேனும் என்னிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால், நானும் அதே மூன்று பதில்களைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு, ஊரிலிருந்து கிளம்புகிறவர்களின் ஐயங்களுக்குப் பதில் சொல்வதும், வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் துணையாக இருப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டன. நான் செய்த பிழைகளையே அவர்கள் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்ததனால்தான் இதை எழுதுகிறேன். கடவுச்சீட்டின் செல்லுபடிக் காலம், பெட்டியின் எடை, சான்றிதழ் நகல்கள் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிட்டேன்.

கடைவீதியிலேயே மாலைகளைக் கழிப்பது

என்.எஸ்.பி. சாலையிலும் சின்னக்கடைத் தெருவிலும் நான் பத்து மாலைகளுக்குக் குறையாமல் அலைந்திருப்பேன். அங்கே வாங்கிய இரண்டு குளிர்காலக் கோட்டுகளும் கொடைக்கானலுக்குப் போதுமானவை. ஜனவரி மாதத்து ஸ்டுட்கார்ட்டுக்குப் போதவில்லை. வந்த இரண்டாவது மாதத்திலேயே இங்குள்ள கடையில் வேறொன்று வாங்க நேர்ந்தது. குளிருக்கான உடையைக் குளிர் இருக்கும் ஊரில் வாங்குவதே சரி. ஊரிலிருந்து கொண்டுவரத் தக்கவை சிலவே: குக்கரும் அதற்கு மாற்று கேஸ்கட்டும் வெயிட்டும், இட்லித் தட்டு, இடுக்கி, தேங்காய்த் துருவி, அஞ்சறைப் பெட்டி. நம் ஊர் மிக்ஸியும் இங்கே ஓடும். இரு நாடுகளிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான் என்பதால், பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். கடைகளுக்குப் போகும் மாலைகளில் இரண்டைப் பல் மருத்துவருக்கும் ஒன்றைக் கண் மருத்துவருக்கும் ஒதுக்கி, கூடுதலாக ஒரு மூக்குக் கண்ணாடியையும் செய்துகொள்ளுங்கள். சொத்தைப் பல்லோடு புதிய நாட்டில் இறங்கி, புரியாத மொழியில் வலியை விவரிக்க முயன்றவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்!

நெய்

நான் கிளம்புவதற்கு முன் அம்மா இரண்டு மாதங்கள் வெண்ணெய் சேர்த்து, முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சி, மூன்று கிலோ நெய்யைப் பாத்திரத்தில் இறுக மூடிக் கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் பயணி, பால் பொருளையும் இறைச்சியையும் உடன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. நெய்யும் பால் பொருள்தான். இறங்கிய விமான நிலையத்தில் சோதனை செய்த அலுவலர் மரியாதையாகவே எடுத்துச் சொன்னார். நான் என் கையாலேயே அதைக் குப்பைத் தொட்டியில் வைத்தேன். அம்மாவிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. கருவாடு 20 கிலோ வரை கொண்டுவரலாம், தேங்காய்க்கும் தடையில்லை. ஆனால் பச்சைக் கறிவேப்பிலைக்கும் மற்றக் கீரைகளுக்கும் நோயற்றவை என்ற அரசுச் சான்று வேண்டும் என்று 2019 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. உங்கள் அம்மா அடுப்பின் முன் நின்று உழைக்கத் தொடங்கும் முன்பே இவற்றை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டின் நிர்வாகத்தைக் கைபேசியோடு எடுத்துச் செல்வது

இந்தத் தவற்றைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். ஆண்டுகள் பல கடந்த பின்பும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் என் மீதுதான்.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கு வழக்கில் அவருக்கு இருந்த தெளிவு எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் கல்லூரி முடித்த நாளிலிருந்து, "நீங்கள் எதற்கு அலைய வேண்டும், நான் போனிலேயே முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு வேலையாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கேஸ் இணைப்பு அவர் பெயரில் இருந்தது; பதிவு செய்யும் எண் என்னுடையது. மின்வாரியத்திலிருந்து கட்டண விவரம் என் எண்ணுக்கு வரும். அவருடைய ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கிலும் என் எண்ணையே கொடுத்திருந்தேன். அதை உதவி என்றுதான் அப்போது எண்ணினேன். புறப்படுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பெட்டி வாங்க நேரமிருந்த எனக்கு, இவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைவு ஒரு நாளும் வரவில்லை.

வந்து சேர்ந்ததும் இந்தியச் சிம்மைக் கழற்றி ஒரு மேசை இழுப்பறையில் போட்டேன். முன்பணச் (ப்ரீபெய்டு) சிம் தொடர்ந்து 90 நாள்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் அந்த எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம் என்பது எனக்குத் தெரியாது. டிசம்பருக்குள் என் எண் இறந்துபோயிற்று.

அந்த நவம்பரில் வீட்டு மின்கணக்கு எடுக்க வந்தவர் வழக்கம்போல வெள்ளை அட்டையில் தொகையை எழுதிவிட்டுச் சென்றார். நான் ஜெர்மனியிலிருந்தே கட்டிவிடுவேன் என்று அப்பா நினைத்தார். அட்டையைப் பார்த்து அப்பா கட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். கணக்கெடுத்ததிலிருந்து 20 நாள்களுக்குள் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் நின்றதால், டிசம்பரில் ஒருநாள் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மார்கழி மாதத்தில் சிலிண்டரும் தீர்ந்து, பழைய எண்ணிலிருந்து பதிவு செய்ய வழியில்லாமல், அம்மா பரணிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கித் துடைத்து நான்கு நாள் சமைத்தார்.

இவற்றைவிடப் பெரியது ஓய்வூதியம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நான்தான் அப்பாவை வண்டியில் உட்காரவைத்து வங்கிக்கு அழைத்துப் போவேன். அந்த ஆண்டு முதலில் மழையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டிருக்கிறார். பிறகு, தேவையென்றால் வங்கியிலிருந்து செய்தி அனுப்புவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். செய்தி அனுப்பப்பட்டிருந்தாலும் அது போயிருக்கக் கூடிய எண், ஸ்டுட்கார்ட்டில் என் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. டிசம்பர் மாத ஓய்வூதியம் கணக்கில் ஏறவில்லை. ஏறவில்லை என்பதே, பொங்கல் முடிந்து பணம் எடுக்கச் சென்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. சான்றிதழ் கொடுத்து நிலுவைத் தொகை வந்து சேர பிப்ரவரி கடைசியாகிவிட்டது. அதுவரைக்கும் மருந்துக்கும் மளிகைக்குமாக அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன.

இவை நடந்துகொண்டிருந்த வாரங்களில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் வீட்டுக்குப் பேசினேன். குளிர்காலத்தில் நமக்கும் இங்கும் நான்கரை மணி நேர வேறுபாடு. எனக்கு மாலை நான்கு மணி என்றால் அவர்களுக்கு இரவு எட்டரை. மின்சாரம் இல்லாத வீட்டில், பக்கத்து வீட்டில் சார்ஜ் செய்து வாங்கிவந்த போனில், "இங்க எல்லாம் நல்லா இருக்குப்பா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று அப்பா சொன்னார். மார்ச் மாதத்தில் அக்கா ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் எனக்கு எல்லாம் தெரியவந்தது.

பணம் திரும்பி வந்தது, வளையல்களும் மீட்கப்பட்டன. ஆனால், பணிக்காலம் முழுவதும் ஒரு நாளும் தாமதமாக எந்தக் கட்டணமும் கட்டியிராத ஒரு மனிதரை, மின்வாரிய அலுவலகத்தில் மறு இணைப்புக்காக வரிசையில் நிற்க வைத்தேன். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்த வேலைகளை அவருக்குத் தெரியாமல் ஆக்கியவன் நான்.

ஆகவே, கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதே வீட்டு வேலைகளை ஒப்படைக்கத் தொடங்குங்கள். முதல் மாதம் நீங்கள் செய்யுங்கள், அவர்கள் அருகில் இருந்து பார்க்கட்டும். இரண்டாம் மாதம் அவர்கள் செய்யட்டும், நீங்கள் அருகில் இருங்கள். மூன்றாம் மாதம் நீங்கள் அந்த அறையிலேயே இருக்காதீர்கள். கேஸ், மின்வாரியம், வங்கி ஆகிய மூன்றிலும் அவர்களுடைய எண்ணைப் பதிவு செய்து, ஒரு முறையாவது அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வருகிறதா என்று பாருங்கள். மின் இணைப்பு எண், கேஸ் நுகர்வோர் எண், சொத்துவரி எண், ஓய்வூதிய ஆணை எண், மருந்துகளின் பெயர்கள், மோட்டார் பழுது பார்ப்பவர், குழாய் வேலை செய்பவர் ஆகிய விவரங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை அப்பாவோ அம்மாவோ தம் கையெழுத்தில் எழுதுவது நல்லது. நாம் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொடுக்கும் தாள் எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விடும், அவர்களே எழுதிய நோட்டு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். உயிர்வாழ் சான்றிதழுக்கு இப்போது வழிகள் கூடியிருக்கின்றன: 2020-லிருந்து தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு, 2021-லிருந்து கைபேசியில் முகத்தைக் காட்டியும் பதிவு செய்யலாம், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். இவற்றில் ஒன்றை நீங்கள் ஊரில் இருக்கும்போதே அவர்களோடு சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் சொந்த எண்ணையும் உயிரோடு வைத்திருங்கள். ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கிவிட்டு, வந்த பிறகு அவ்வப்போது ரீசார்ஜ் செய்யுங்கள். ஆதாரும் வங்கியும் வருமான வரிக் கணக்கும் அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கின்றன.

வங்கிக் கணக்கு

வேலைக்காக வெளிநாட்டில் குடியேறுகிறவர், தம் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான ரூபாய்க் கணக்காக, மாற்றிக்கொள்ள வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டுநர் உரிமம்

இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் குடியேறிய ஆறு மாதம்தான் ஓட்டலாம்.

சொல்லிக்கொண்டு வருவதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவது

நான் ஆறு நாள்களில் பத்தொன்பது வீடுகளுக்குப் போனேன். லால்குடியில் இருந்த அத்தை, நான் வருகிறேன் என்று தெரிந்து காலையிலிருந்து சமைத்து, இலை போட்டுக் காத்திருந்தார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று நின்றபடியே காபி குடித்துவிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்து, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் இல்லை. பத்தொன்பது வீடுகளுக்கும் போயாக வேண்டும் என்பதில்லை. உங்களைத் தூக்கி வளர்த்தவர்கள் என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் வீடுகளுக்கு முதல் மாதத்திலேயே, கையில் கைக்கடிகாரமில்லாத மனிதரைப்போலப் போய், மதியம் சாப்பிட்டு, திண்ணையில் படுத்து, மாலைக் காபிக்குப் பிறகு திரும்புங்கள். மற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும்.

விழாவை மட்டும் படம் எடுப்பது

வழியனுப்பு விருந்தன்று எடுத்த படங்கள் என்னிடம் முந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் எல்லோரும் பட்டுச்சேலையும் சலவை வேட்டியுமாக, ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். ஆனால் இங்கே பனிக்காலத்து மாலைகளில் என் மனம் தேடியவை வேறு: ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் அப்பா பேரம் பேசாமல் காய் பொறுக்கும் விதம், அம்மா அரிசி களையும் சத்தம், வாசலில் தண்ணீர் தெளித்ததும் எழும் மண்வாசம், மாடிப்படியின் மூன்றாவது படியில் இருக்கும் உடைசல். இவற்றில் ஒன்றுகூட என்னிடம் படமாகவோ ஒலியாகவோ இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அல்ல, சொல்லிவிட்டே, அவர் சமைக்கும்போது கைபேசியை ஜன்னல் திட்டில் வைத்து அரைமணி நேரம் பதிவு செய்யுங்கள். சமையல் குறிப்பு கேட்டால் "ஒரு கை போடு", "கண்ணளவுக்குப் போடு" என்றுதான் சொல்வார்கள். ஆகவே அந்தக் கையை அளந்துகொள்ளுங்கள். முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, என் அம்மாவின் ஒரு கைப்பிடித் துவரம்பருப்பைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 45 கிராம் இருந்தது. அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் நான் என் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, சாம்பார் ஏன் வீட்டுச் சாம்பாராக இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன்" என்பது

சொல்லாதீர்கள். 2017-இல் நான் சொன்னதை, அம்மா சமையலறைச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒருமுறை வெள்ளையடித்தார்கள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருக்கிறார்கள்.