ஆரணித் தறியில பழைய அரபு வட்டப் புட்டா, கிராஃப் போடறது எப்படி

வட்டத்துக்குள்ள ரெண்டு சிங்கம், சுத்தி முத்து வரிசை, இந்த டிசைன ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஈரான்லயும் அப்புறம் ஸ்பெயின்லயும் முஸ்லிம் மன்னர்கள் காலத்துல பட்டுல நெய்திருக்காங்க. நம்ம ஆரணித் தறியிலயும் தாராளமா வரும், கிராஃப் மட்டும், அதாவது ஒரு கட்டம் ஒரு இழைன்னு கட்டப் பேப்பர்ல வரையற டிசைன் மட்டும், பொறுமையா போடணும்.

முதல்ல பாதி மட்டும் வரைங்க. ஒரு சிங்கம், நடுவுல நிக்கற மரத்துல பாதி, வட்டத்துல பாதி, போதும். அந்தக் காலத்து ஈரான், ஸ்பெயின் தறியில இழையத் தூக்கற கயிறு இழுக்கவே தனியா ஒரு ஆள் வேணும், இங்க ஜக்கார்டு (ஓட்டை போட்ட அட்டைய வெச்சு இழையத் தூக்கற கருவி) வர்றதுக்கு முன்ன அடைங்கற கயித்துக் கட்டு கட்டி இழுத்தாங்களே அந்த மாதிரி, ஒரே கயிறுல வலது இழையும் இடது இழையும் சேத்து கட்டிட்டா கயிறு பாதியா கொறையுது, அதனாலதான் மிருகமெல்லாம் கண்ணாடி பாத்த மாதிரி ஜோடியா நிக்குது. நீங்களும் ஜக்கார்டுல 120 ஹூக்குல, அதாவது இழையத் தூக்கற கொக்கியில, 239 இழைக்கு டிசைன் எடுக்கலாம். 240 இல்ல, 239. நடு ஹூக்குல ஒத்தை இழைதான் கட்டணும், ரெண்டு கட்டிட்டா மரத்தண்டு தடிச்சுப் போய் சேலை முழுக்க ஒவ்வொரு புட்டாலயும் தெரியும்.

அடுத்து வட்டம், நிறைய பேர் கோட்டை விடற இடம். சதுரக் கட்ட பேப்பர்ல காம்பஸ் வெச்சு போட்டு அப்படியே ஜக்கார்டு அட்டையில ஓட்டை அடிச்சா தறியில முட்டையா வந்து நிக்கும். இஞ்சுக்கு பாவு (நீள இழை) 100, ஊடை (குறுக்கு இழை) 80ன்னா, 200 கட்டம் அகலத்துக்கு 160 கட்டம்தான் உயரம். 200க்கு 200 போட்டா ரெண்டு இஞ்சு அகலம், ரெண்டரை இஞ்சு உயரம் ஆய்டும்.

முத்த ஒத்தப்படையில, 7 இல்ல 9 கட்டமா போடுங்க, அப்பதான் உச்சி முத்து நடு இழை மேல சரியா உக்காரும்.

எழுத்து போடறதுன்னா ஜாக்கிரதை. பாதி வரைஞ்சு திருப்பினா எழுத்தும் திரும்பிடும், அந்தக் காலத்துப் பட்டுலயே ஒரு பக்கம் நேராவும் மறுபக்கம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியும் அரபு எழுத்து இருக்கறத பாக்கலாம். பாஸ்டன் மியூசியத்துல ஒரு பட்டு இருக்கு, 12ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஸ்பெயின்ல நெய்தது, ஆனா சின்ன வட்டத்துல பாக்தாத்ல செஞ்சதுன்னு எழுதியிருக்கு. நெய்தவன் ஊரு ஒண்ணு, பேரு வாங்கின ஊரு ஒண்ணு. ஆரணிச் சேலை வேற ஊர் பேர்ல விக்கறத பாத்து வயிறெரிஞ்சவன் நான், அதனால பெரிய வட்டம் ரெண்டு தொடற இடத்துல சின்ன வட்டம் போட்டு தமிழ்லயே ஆரணின்னு எழுதறேன். அதுக்கு மட்டும் திருப்பாம தனி ஹூக் ஒதுக்குங்க, ‘ணி’க்கு கொஞ்சம் அகலமா விடுங்க, இல்லன்னா சுழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.