ஒருவர் ஏன் கிளர்ச்சியில் இறங்கினார்? விசாரிக்கும் முறை

"மக்கள் கொதித்துப்போனார்கள்" என்று எழுதினால் எதுவும் விளங்காது. சர்வாதிகாரத்தில் கொதிப்பு ஆண்டுக்கணக்காக இருக்கும். அது ஏன் அந்த வாரம் தெருவுக்கு வந்தது என்பதே கேள்வி.

முதலில் ஆதரவையும் பங்கேற்பையும் பிரியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு வானொலி கேட்டவர், ஊர்வலத்துக்குத் தண்ணீர் கொடுத்தவர், கூட நடந்தவர், அடிபட்டும் மறுநாள் வந்தவர் என்று நான்கு கட்டம் போடுங்கள். ஒருவர் எந்த நாளில் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தார் என்று குறியுங்கள்.

பேட்டியை "ஏன் போனீர்கள்?" என்று தொடங்கவே கூடாது. ஜெயித்த கிளர்ச்சியென்றால் எல்லோரும் முதல் நாளே போனதாகச் சொல்வார்கள். தோற்றதென்றால் யாருமே போயிருக்க மாட்டார்கள். அன்று காலை எங்கே இருந்தார், யார் கூப்பிட்டது, கூட யார் வந்தது, எப்போது வீடு திரும்பினார் என்று வரிசையாகக் கேளுங்கள். காரணத்தைக் கடைசியில் கேட்டால் போதும். பல சமயம் கொள்கைக்கு முன்னால் ஒரு நண்பரோ அண்ணனோ வந்து நிற்பார்.

அடுத்து, கூடுவதற்கு என்ன சாக்கு இருந்தது என்று தேடுங்கள். கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் திங்கட்கிழமைப் பிரார்த்தனை அந்தச் சாக்கு. 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் நடந்தார்கள், படை சுடவில்லை. ஈரானில் 1978 ஜனவரியில் கோம் நகரப் போராட்டத்தில் இறந்தவர்களுக்கான நாற்பதாம் நாள் துக்கம், பிப்ரவரியில் தப்ரீஸில் கலவரமானது. துக்கத்துக்குத் தடை போடுவது எந்த அரசுக்கும் சுலபமில்லை.

எண்ணிக்கைக்கு 1978-ல் சமூகவியலர் மார்க் கிரானோவெட்டர் போட்ட கணக்கு உதவும். ஓர் ஊரில் 100 பேர் என்று வையுங்கள். முதல் ஆள் யாருக்கும் காத்திருக்க மாட்டார். அடுத்தவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார், அதற்கடுத்தவர் இருவர் இறங்கினால். இப்படியே 100 பேரும் இறங்கிவிடுவார்கள். இன்னோர் ஊரில் எல்லாம் அப்படியே இருக்க, ஒருவருக்காகக் காத்திருந்தவரை மட்டும் இருவருக்காகக் காத்திருப்பவராக்கினால், முதல் ஆள் தனியாக நிற்பார். இரண்டு ஊரிலும் மனநிலை ஏறக்குறைய ஒன்றுதான்! அமைதியாக இருந்த ஊரை "ஆட்சிக்கு ஆதரவு" என்று எழுதுவது இதனால்தான் பிழை.

ஆகவே, போகாதவர்களையும் அதே கேள்விகளோடு கட்டாயம் பாருங்கள். அதே தெரு, அதே வயது, அதே வேலை இருந்தால் நல்லது. வேறுபாடு அங்கேதான் பிடிபடும்.

அடக்குமுறையைத் தேதிவாரியாகத் தனியாக எழுதுங்கள். சில சமயம் அது பயமுறுத்தும், சில சமயம் ஒதுங்கி நின்றவரையும் இழுத்து வரும். எகிப்து 2011 ஜனவரி 28 அன்று இணையத்தையும் கைப்பேசியையும் முடக்கியது. கூட்டம் அன்று குறையவில்லை, பெருகியது.

அதே ஆட்சி இன்னும் நீடித்தால் குறிப்பேட்டில் பெயர் வேண்டாம், எண் மட்டும். பெயர்ப் பட்டியல் என்று ஒன்று இருக்கவே கூடாது.