மெர்சென் எண் பகா எண்தானா? கையால் சோதிக்கும் முறை

2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது மெர்சென் எண். அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் விடையும் பகா எண்ணாகாது. அடுக்கு பகா எண் என்பது மட்டும் போதாது: அடுக்கு 11-க்கு வரும் 2047 என்பது 23 × 89.

அடுக்கு 3 அல்லது அதைவிடப் பெரிய பகா எண் என்றால் லூக்காஸ்-லேமர் சோதனை தீர்ப்பு சொல்லிவிடும். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள்; அந்த மீதியைக் கொண்டு இதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ததும் 0 வந்தால் பகா எண். அடுக்கு 7-க்கு (127) ஐந்து தடவை: 14, 67, 42, 111, 0.

127-ஆல் வகுத்துத் திணற வேண்டாம். 67-இன் வர்க்கம் 4489. 2 போக 4487. இதை 128-ஆல் வகுத்தால் ஈவு 35, மீதி 7. இரண்டையும் கூட்டினால் 42. கணினியும் இதே குறுக்குவழியில்தான் போகிறது. கடைசிப் படியில் 12319-க்கு (111-இன் வர்க்கத்தில் 2 போக) 96 + 31 = 127 வரும்; அதை 0 என்றே கொள்ள வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

2024-இல் அறிவிக்கப்பட்ட, அடுக்கு 136279841 கொண்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அந்த அளவில் வர்க்கப்படுத்த, மிகப் பெரிய எண்களை விரைவாகப் பெருக்க உதவும் வேக ஃபூரியர் உருமாற்றம் வேண்டும். நடுவில் ஒரு இலக்கம் பிழைத்தாலும் அதற்குப் பிந்தைய எல்லாப் படிகளும் வீண்.