காமா கதிர் வெடிப்பைத் தேடிப் பழகுவது எப்படி?

தொலைதூர விண்வெளியில் நடக்கும் பெரும் வெடிப்பிலிருந்து ஆற்றல் மிக்க காமா கதிர் திடீரெனப் பாய்வதுதான் காமா கதிர் வெடிப்பு; சுருக்கமாக ஜிஆர்பி. அதைப் பிடிக்கப் பெரிய கருவி வேண்டும். தேடும் முறையைக் கற்க ஒரு லேப்டாப் போதும். ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு அருமையான பயிற்சி, 2022 அக்டோபர் 9 அன்று வந்த ஜிஆர்பி 221009ஏ.

1. நம் வானத்தில் இருந்ததா?

காமா கதிர்களைக் கவனிக்கும் பெர்மி செயற்கைக்கோள் அதைப் பதிந்தது உலக நேரம் 13:16:59. ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்; நமக்கு மாலை 6.47. வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் ஊர், தேதி, நேரம் கொடுத்து, வல ஏற்றம் 19 மணி 13 நிமிடம், வடக்கு விலக்கம் 19.8 பாகை என்ற இடத்தைத் தேடுங்கள் (இவை வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி). திருவோண நட்சத்திரம் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். வெடிப்பு நடந்த இடம் உச்சியிலிருந்து வடமேற்கே சுமார் 13 பாகைதான் தள்ளி. மண்டபத்திலும் பாம்பனிலும் இருந்தவர்களின் தலைக்கு மேலேயே வந்திருக்கிறது!

கிழக்கே பௌர்ணமி நிலா இருப்பதையும் கவனியுங்கள். லடாக்கின் ஹான்லேயில் உள்ள மேஸ் போன்ற செரன்கோவ் தொலைநோக்கிகள், காமா கதிர் காற்றில் மோதும்போது எழும் மங்கலான ஒளியைப் பார்ப்பவை; அவற்றுக்கு இருட்டு வேண்டும். தண்ணீர்க் குளத்தில் துகள்களைப் பிடிக்கும் கருவிகளுக்கு இரவும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான்.

2. உயரம்

காமா கதிர் தரைக்கு வருவதில்லை. காற்றில் மோதித் துகள் மழையாகிறது. அதில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு வருமுன்பே அடங்கிவிடும். அதனால்தான் துகள் மழையைப் பிடிக்கும் சீனாவின் லாசோ ஆய்வகம் 4,410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த வெடிப்பிலிருந்து முதல் 3,000 விநாடிகளில் அது 64,000-க்கும் மேற்பட்ட காமா துகள்களைப் பிடித்தது.

3. எண்ணுதல்

இத்தனை பிரகாசமான வெடிப்பு அபூர்வம். மங்கலானவற்றுக்குக் கணக்குதான் துணை. விண்ணிலிருந்து வரும் புரோட்டான்களும் இதே போலத் துகள் மழை பொழியும். ஆகவே வெடிப்புக்கு முன்னும் பின்னும் அதே திசையில் சராசரியாக எத்தனை வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: பத்து விநாடிக்கு வழக்கமாக 4, வெடிப்பு நேரத்தில் 14. எக்செல்லில், தற்செயல் எண்ணிக்கைகளுக்கான பாய்சான் சூத்திரத்தில் 13, சராசரி 4 என்று கொடுத்து, 13 வரைக்குமான கூட்டு நிகழ்தகவை 1-லிருந்து கழியுங்கள். தற்செயலாக 14 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு சுமார் 13,000-ல் ஒன்று என வரும்.

சரி, கண்டுபிடித்துவிட்டோமா? இங்கேதான் நிதானம் தேவை. பத்தாயிரம் நேரத் துண்டுகளை அலசி அதில் ஒன்று இப்படிக் கிடைத்தால், அதற்கு மதிப்பே இல்லை. தானாகவே ஒன்று அப்படி வரலாம். எந்த நேரத் துண்டு, எந்தத் திசை என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். எத்தனை துண்டுகளைப் பார்த்தீர்களோ அத்தனையால் வாய்ப்பைப் பெருக்கவும் வேண்டும்.

அப்புறம், துண்டை மிகச் சிறிதாக வைக்காதீர்கள். லாசோ பார்த்த உச்சம் பெர்மி பதிவுக்குச் சுமார் நான்கு நிமிடம் கழித்துத்தான் வந்தது.

4. அடுத்த பயிற்சி

லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகள் பிடித்த ஜிஆர்பி 190114சி. 2019 ஜனவரி 14, உலக நேரம் 20:57. நமக்குத் தேதி மாறி அதிகாலை 2.27. வல ஏற்றம் 3 மணி 38 நிமிடம், தெற்கு விலக்கம் 26.9 பாகை. நம் ஊரில் அந்த இடம் அப்போதுதான் தொடுவானத்துக்குக் கீழே போயிருக்கும்; போட்டுப் பாருங்கள்.