ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் வாசிக்கத் திணறும் பிள்ளைகள்: புதிய ஆசிரியருக்கு ஆறு வார வேலைத்திட்டம்

பாடநூல் கொடுத்து இரண்டு வாரம் ஆனதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். எழுப்பி வாசிக்கச் சொன்னால் பிள்ளை தடங்கலில்லாமல் வாசித்துவிடும். கண் ஓடுவது தமிழ் எழுத்தின் மேல்தான். அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதிக் காட்டினால் வாய் திறக்காது.

இந்தப் பழக்கம் ஏன் கெடுதல் என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். கிரிக்கெட் மட்டை, கெட்டது, முதுகில் தட்டிக்கொடுப்பது, எழுதும் காகிதக் கட்டு ஆகிய நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். நான்கும் ‘பேட்’ என்றே வரும். தமிழில் எழுதிவைத்து வாசிக்கும் பிள்ளைக்கு இந்த நான்கும் ஒரே சொல். எழுத்துப்பிழை, பொருள் குழப்பம், டிக்டேஷனில் பூஜ்யம் என்று எல்லாமே அங்கிருந்து கிளைக்கின்றன.

கீழே உள்ள திட்டத்துக்கு ஆறு வாரம் வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 20 நிமிடம் வாசிப்புக்கு, மீதி 20 பாடத்துக்கு. போர்ஷன் முடியாதே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் வாசிக்கத் தெரியாத வகுப்பில் போர்ஷனை முடிப்பது என்றால், வினா விடையை எழுதிப்போட்டு உருப்போட வைப்பதுதான். அது எட்டாம் வகுப்பில் இன்னும் பெரிய சுமையாகத் திரும்பி வரும்.

முதல் வாரம்: யார் எங்கே நிற்கிறார்கள்?

நான்கு அட்டைகள் தயாரியுங்கள். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் போதும். முதல் அட்டையில் 10 சிறிய எழுத்துகள். ஒன்றைத் திருப்பினால் மற்றொன்றாகத் தெரியும் எழுத்துகளைக் கட்டாயம் சேருங்கள். இரண்டாவதில் 10 மூன்றெழுத்துச் சொற்கள். மூன்றாவதில் 30 முதல் 40 சொற்கள் கொண்ட ஒரு பத்தி. நான்காவதில் சுமார் 80 சொற்களில் ஒரு குட்டிக்கதை. பத்திக்கும் கதைக்கும் மூன்றாம் வகுப்புப் பாடநூலின் தரம் சரியாக இருக்கும். ஆறாம் வகுப்புப் பாடத்தை வைத்துச் சோதித்தால் எல்லோரும் ஒரே இடத்தில் விழுவார்கள், எதுவும் தெரியவராது.

ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம். 40 பேர் என்றால் 120 நிமிடம், அதாவது மூன்று முழுப் பாடவேளை. கதவோரம் ஒரு நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். வகுப்பின் முன்னால் நிறுத்தி இதைச் செய்யவே கூடாது. வெட்கத்தில் வாயடைத்துப்போகும் பிள்ளையையும் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் அப்போது பிரித்தறிய முடியாது. மற்றவர்கள் அந்த நேரத்தில் தங்கள் தெருவில் பார்த்த ஆங்கிலப் பலகைகளை நினைவிலிருந்து நோட்டில் எழுதட்டும்: பேக்கரி, மெடிக்கல்ஸ், டெய்லர், மெட்ரோ நிலையத்தின் பெயர். அந்தப் பட்டியல் பின்னால் பயன்படும்.

பத்தில் எட்டு சரியாக வந்தால் அடுத்த அட்டைக்குப் போங்கள். வராவிட்டால் அங்கேயே புன்னகையோடு நிறுத்திவிடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், திருத்தினால் அது பாடமாகிவிடும், சோதனையாக இருக்காது. பதிவேட்டில் பெயருக்கு எதிரே பிள்ளை நின்ற இடத்தை எழுத்து, சொல், பத்தி, கதை என்று குறியுங்கள். பக்கத்தில் பிழையின் வகையையும் எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று வகைதான் வரும்: ஒலி மாறுவது, சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்வது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது. ‘ஹவுஸ்’ இருக்கும் இடத்தில் ‘ஹார்ஸ்’ என்பார்களே, அந்த மூன்றாவது வகைதான் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். வேகமாக வாசிப்பதால் நன்றாக வாசிப்பதாகத் தோன்றும்.

இரண்டு, மூன்றாம் வாரங்கள்: ஒலிகள்

அகரவரிசையில் தொடங்காதீர்கள். எஸ், ஏ, ‘டேப்’பின் டி, ‘பென்சில்’லின் பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளை முதலில் எடுங்கள். இந்த ஆறை வைத்தே சிட், பின், டின், டேப், நேப், பேன் என்று உடனே சொற்கள் கட்டலாம். சொந்தமாக ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்ட பிள்ளைக்கு வரும் தைரியம் பெரியது. அது ஒலிப் பயிற்சியின் முதல் வாரத்துக்குள் கிடைக்க வேண்டும்.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ‘எஸ்’ என்பது பெயர். ‘ஸ்ஸ்ஸ்’ என்பது ஒலி. எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது ஒலியை மட்டும் சொல்லவையுங்கள். நீட்ட முடிகிற ஒலிகளை நீட்டுங்கள்: ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ன்ன்ன். நீட்ட முடியாதவற்றைக் கிசுகிசுப்பாகச் சொல்லி வெட்டுங்கள். இங்கேதான் ஆசிரியர்களே வழுக்குகிறோம். ‘டு’, ‘பு’ என்று உகரத்தோடு சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ‘ஸு–இ–டு’ என்று சேர்க்கும். அதிலிருந்து ‘சிட்’ எப்படி வரும்? வீட்டில் பஸ்ஸு, புக்கு, கப்பு என்று பேசுவதில் தவறே இல்லை. எழுத்துக்கூட்டும்போது மட்டும் அந்த உகரம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது ‘பென்சில்’லின் பி, ‘பால்’ என்ற ஆங்கிலப் பந்தின் பி. இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தாதீர்கள். முதலாவதை இரண்டாம் வாரத்திலும் மற்றதை மூன்றாம் வாரத்திலும் வைத்து, பிறகு எதிரெதிரே நிறுத்துங்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த ஒலிகள் வராது என்பது தவறான எண்ணம். ‘பாம்பு’ என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ‘பா’வில் ஒன்று, மகர ஒற்றுக்குப் பிறகு வரும் ‘பு’வில் மற்றொன்று. ‘பாட்டி’, ‘பாண்டி’ இரண்டையும் மாறி மாறிச் சொன்னால் ‘டேப்’பின் டியும் ‘டாக்’ என்ற நாயின் டியும் கிடைத்துவிடும். ‘அக்கா’, ‘அங்கே’ இரண்டில் ‘கேட்’ என்ற பூனையின் ஒலியும் ‘கோட்’ என்ற ஆட்டின் ஒலியும் இருக்கின்றன. வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலிக்கு இப்போது தனி எழுத்து கிடைக்கிறது. பிள்ளையிடம் இப்படியே சொல்லுங்கள்.

கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு ‘பென்’ என்று ஆங்கில முறையில் சொன்னால் காற்று பட்டுத் துண்டு ஆடும். ‘பென்ச்’ என்றால் அநேகமாக ஆடாது. தமிழ்ப் பகரத்தில் காற்று குறைவு என்பதால் முதலில் நீங்கள் செய்துகாட்ட வேண்டும்.

வகுப்பில் தெலுங்கோ இந்தியோ எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இந்த வேறுபாடு எழுத்திலேயே பழக்கம். அவர்களை இந்தப் பயிற்சிக்குத் தலைமை தாங்கச் சொல்லுங்கள்.

நான்காம் வாரம்: கடைசி ‘ஈ’யும் அடங்காத சொற்களும்

சொல்லின் கடைசியில் ‘ஈ’ என்ற எழுத்து வந்தால் பெரும்பாலும் அதற்கு ஒலி இருக்காது, ஆனால் முன்னால் உள்ள உயிரெழுத்தைத் தன் பெயரையே சொல்லவைக்கும். ஹாப், ஹோப் ஆகும். கிட், கைட் ஆகும். பின், பைன் ஆகும். நீளமான அட்டையில் சொல்லை எழுதி, கடைசி எழுத்து இருக்கும் பகுதியை உட்புறம் மடியுங்கள். மடித்தால் ஒரு சொல், திறந்தால் மற்றொன்று. பத்து அட்டை செய்தால் வாரம் முழுக்க ஓடும்.

‘சொன்னார்’ என்ற பொருளில் வரும் ‘செட்’, ‘வாஸ்’, எண்களான ‘ஒன்’, ‘டூ’, ‘அவர்கள்’ என்ற ‘தே’ போன்றவை விதிக்கு அடங்காதவை. இவற்றை எழுத்துக்கூட்ட வைத்தால் பிள்ளை குழம்பும். பார்த்ததும் சொல்லப் பழக்க வேண்டும். இப்படிப் பார்த்ததும் சொல்ல வேண்டிய, அடிக்கடி வரும் சொற்களில் 220-ஐ அமெரிக்கக் கல்வியாளர் டோல்ச் தொகுத்த பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளைக்கு ஐந்து சொல், வெள்ளிக்கிழமை அந்த வாரத்தின் 20 சொல்லும் திரும்ப. அதற்கு மேல் திணிக்காதீர்கள்.

முதல் வாரம் பிள்ளைகள் எழுதிய கடைப் பலகைச் சொற்களை இப்போது எடுங்கள். ‘பேக்கரி’யைக் கடையின் நிறத்தையும் படத்தையும் வைத்து அடையாளம் கண்டிருப்பார்கள். அதே சொல்லை வெள்ளைத்தாளில் சாதாரண எழுத்தில் எழுதிக் காட்டி ஒலி ஒலியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தெரிந்த சொல் என்பதால் பயம் இருக்காது.

ஐந்தாம் வாரம்: பாடநூலுக்குத் திரும்புவது

உரைநடைப் பாடத்தில் 50 முதல் 60 சொற்கள் உள்ள ஒரு பத்தியை மட்டும் எடுங்கள். கதை என்ன என்று முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள். பிறகு பிள்ளைகள் விரலை வரியின் கீழே நகர்த்திக்கொண்டு வர, நீங்கள் இரண்டு முறை வாசியுங்கள். அடுத்து, மூச்சுவிடும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போடவைத்து, ஒரு துண்டு நீங்கள், அதே துண்டு வகுப்பு என்று போங்கள். கடைசியில் இருவர் இருவராக வாசிக்கட்டும். கெட்டிக்காரப் பிள்ளையை மிகவும் பின்தங்கிய பிள்ளையோடு உட்காரவைத்தால் கெட்டிக்காரப் பிள்ளையே முழுவதும் வாசித்து முடித்துவிடும். கதை நிலையில் இருப்பவருக்குப் பத்தி நிலையில் இருப்பவர், பத்திக்குச் சொல் என்று ஒரே ஒரு படி இடைவெளியில் சேருங்கள். எழுத்து நிலையிலேயே இருப்பவர்கள் உங்கள் பக்கத்தில்.

புத்தகத்தில் தமிழில் எழுதும் பழக்கத்தை அதட்டி நிறுத்த வேண்டாம்; பிள்ளைக்கு இருந்த ஒரே ஊன்றுகோலைப் பிடுங்குவதாகிவிடும். ஒரு மாற்று கொடுங்கள்: பொருளை ஓரத்தில் தமிழில் எழுதலாம், உச்சரிப்பை எழுதக்கூடாது. கடினமான சொல்லுக்கு நடுவே சிறு கோடு போட்டுத் துண்டாக்கலாம்.

தினமும் கடைசி ஐந்து நிமிடம் டிக்டேஷன். ஐந்து சொல், ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அன்று வாசித்த சொற்களே வர வேண்டும். பிள்ளைகளே பலகையைப் பார்த்துத் திருத்தட்டும்.

வாசிக்கக் கூடுதல் நூல் எங்கே?

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் வரும். மாதிரி வாசிப்பாக ஒலியை மட்டும் போட்டுக்கூடக் காட்டலாம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளில் கதைகள் இலவசம்; அச்சிட்டுக் கொடுக்கவும் உரிமம் அனுமதிக்கிறது. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ்க் கதையை முதலில் வாசிக்கவைத்து மறுநாள் அதன் ஆங்கில வடிவத்தைக் கொடுத்தால், பொருள் தேடும் வேலை முடிந்திருக்கும், கவனம் முழுக்க எழுத்தில் நிற்கும். முதல் நிலைக் கதையிலும் நீளமான சொற்கள் நுழைந்திருக்கும் என்பதால் நீங்கள் ஒருமுறை வாசித்துப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு பெரியது; சனிக்கிழமை ஒருநாள் போய்ப் படப்புத்தகங்களின் பெயர்களைக் குறித்து வரலாம். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய ஆங்கிலச் சிறுவர் நூல்கள் மலிவாகக் கிடைக்கும். உங்களுக்கான பயிற்சிக்கு, பிரிட்டிஷ் கவுன்சிலின் டீச்சிங் இங்கிலீஷ் தளத்தில் வகுப்பறைச் செயல்பாடுகள் நிறைய உண்டு.

ஆறாம் வாரம்: மறுசோதனை

பழைய அட்டைகளை அப்படியே கொடுக்காதீர்கள். அதே தரத்தில் வேறு பத்தி, வேறு கதை. கதை நிலைக்கு வந்தவர்களை ஒரு நிமிடம் வாசிக்கவைத்து எண்ணுங்கள். 62 சொல் வாசித்து 7 பிழை என்றால் கணக்கு 55. இதைக் குறித்துவைத்து, அடுத்த முறை அதே பிள்ளையின் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு வேண்டாம். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் ஓர் அட்டையில் ஒரு சொல் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டி, பத்தியின் மேல் வைத்து அங்கங்கே நகர்த்திக் கேளுங்கள்.

ஆறு வாரம் கழித்தும் எழுத்து நிலையிலேயே நிற்கும் பிள்ளைகள் சிலர் இருக்கலாம். முதலில் கடைசி பெஞ்சிலிருந்து பலகையில் உள்ளதை வாசிக்கச் சொல்லிக் கண்ணைச் சோதியுங்கள். பிறகு முதுகுப் பக்கமிருந்து மெதுவாகப் பெயரைக் கூப்பிட்டுக் காதை. இரண்டும் சரியாக இருந்து, தமிழ் வாசிப்பிலும் இதே திணறல் இருந்தால் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடா என்று பார்க்க வேண்டும். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. அங்கே வழிகாட்டல் கேட்கலாம். பெற்றோரிடம் பேசும்போது, “பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, எழுத்தைப் பிடிக்க வேறு வழி தேவைப்படுகிறது” என்று தொடங்குங்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் ஓடித் திரியாமல் அந்த வேலையை ஆறாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லித் தொடங்கிவிடுங்கள்.