கத்தி ஆண்டு மலரில் கண் ஏமாறும் இடங்கள்

கைவினைக் கத்திகளுக்கான ஆண்டு மலரில் அநேகமாக எல்லாப் படங்களும் பக்கவாட்டில் எடுத்தவை. வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. பக்கவாட்டுப் படத்தில் அலகின் வடிவம், மெருகு, பிடியின் நிறம் எல்லாம் துல்லியமாகத் தெரியும். முதுகின் தடிமன் தெரியாது. வாய்ப்பக்கம் எவ்வளவு மெலிந்திருக்கிறது, பிடி கைக்குள் எவ்வளவு பருமனாக உட்காரும், எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியாது. கத்தி ஒழுங்காக வெட்டுமா என்பதோ தெரியாத இந்தச் சங்கதிகளில்தான் இருக்கிறது.

முதுகு 6 மி.மீ. தடிமனும் அலகு 25 மி.மீ. அகலமும் உள்ள கத்தி படத்தில் கம்பீரமாக இருக்கும். அதைக் கேரட்டில் வைத்து அழுத்தினால் நறுக்காது, ஆப்பு மாதிரி பிளக்கும். பார்க்க வேண்டிய அளவு, தீட்டிய விளிம்புக்குச் சற்று மேலே உள்ள தடிமன். சமையல் கத்திக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் நன்றாக இறங்கும். மரம் சீவவும் வெளிவேலைக்கும் 0.5 முதல் 0.7 மி.மீ. வரை வைப்பார்கள். அதற்கும் மேல் போனால் எத்தனை முறை சாணை பிடித்தாலும் கத்தி மந்தமாகவே இருக்கும். மலரில் இந்த எண் அச்சாவது அபூர்வம். செய்தவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள்: மேலிருந்து முதுகைக் காட்டும் படம் ஒன்று, பிடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி எடுத்த படம் ஒன்று. கைபேசிப் படமே போதும்.

இன்னொன்று, படங்கள் ஒரே அளவுகோலில் இருக்காது. 3 அங்குல மடக்குக் கத்தியும் பௌவி என்னும் 12 அங்குலப் பெரிய வேட்டைக் கத்தியும் ஒரே அகலத்தில் அச்சாகியிருக்கும். படத்தடி வரியில் உள்ள நீளம் அலகுக்கா, மொத்தக் கத்திக்கா என்று பார்க்காமல் மனதுக்குள் அளவு போட்டால் பொட்டலம் பிரிக்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

மலரில் இடம்பெற்றதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. தேர்வு பெரும்பாலும் படங்களை வைத்து நடக்கிறது. தேர்ந்தெடுத்தவர்கள் அந்தக் கத்தியால் ஒரு கயிற்றைக்கூட அறுத்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆகவே நல்ல ஒளிப்படக்காரரை அமர்த்திய சுமாரான கைவினைஞர் உள்ளே வரலாம், ஜன்னலோரத்தில் மங்கலாகப் படமெடுத்த கெட்டிக்காரர் வெளியே நிற்கலாம். அச்சிட்ட விலையும் அப்படித்தான். படம் எடுப்பதற்கும் புத்தகம் கடைக்கு வருவதற்கும் இடையே மாதங்கள் ஓடிவிடும். படத்தில் உள்ள கத்தி அநேகமாக விற்றுப்போயிருக்கும், அதே மாதிரிக்கு இன்றைய விலை வேறாக இருக்கும்.

எஃகின் பெயரில் மயங்குவது அனுபவசாலிகளும் செய்யும் தவறு. 1084, 5160, டி2, 154சிஎம் என்ற எண்கள் கலவையை மட்டுமே சொல்கின்றன. கத்திக்கு உயிர் கொடுப்பது சூட்டுப் பதம். 1084 எஃகைச் சுமார் 815 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, வேகமான எண்ணெயில் தோய்த்து, உடனே 200 டிகிரிக்கு அருகில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை பதப்படுத்தினால் நல்ல வாய் கிடைக்கும். சூடு எல்லை மீறினால் எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பருத்து, வாய் பொரிந்து உதிரும். பதப்படுத்தும் சூடு ஏறிவிட்டால் வாய் மடங்கும். நல்ல கத்திக்கும் கெட்ட கத்திக்கும் படத்தடியில் '1084' என்றுதான் இருக்கும், படத்தில் ஒரே பளபளப்புத்தான் தெரியும்.

அதனால் எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவைக் கேளுங்கள். '5160, ராக்வெல் 65' என்று யாராவது எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த எஃகைப் பதப்படுத்தி முடித்தால் வழக்கமாக 57 முதல் 59 வரைதான் நிற்கும். தோய்த்து எடுத்தவுடன் அளந்த எண்ணைப் போட்டிருக்கலாம், அளக்காமலே போட்டிருக்கவும் கூடும்.

இனி டமாஸ்கஸ், அதாவது மேலே கோலம் ஓடும் எஃகு. மலரின் வண்ணப் பக்கங்களை அதிகம் பிடித்துக்கொள்வது இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகு. அதன் அலையலையான கோலம் உலோகத்துக்குள்ளேயே விளைவது. இன்றைய மலர்களில் டமாஸ்கஸ் என்று வருவது அநேகமாக இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் பற்றவைத்து, மடித்து மடித்து அடித்தது. அமெரிக்காவில் இதற்கு மறுபிறப்பு தந்தவர் பில் மோரன் என்ற கத்திக் கைவினைஞர். 1973-ல் நடந்த கத்திக் கண்காட்சியில் அவர் வைத்த கத்திகளிலிருந்துதான் இந்த மோகம் தொடங்கியது.

அடுக்கு எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்பது தவறு. 10 அடுக்கை ஐந்து முறை மடித்தால் கணக்குக்கு 320 ஆகிவிடும். அது உழைப்பின் கணக்கு, வெட்டும் திறனின் கணக்கு வேறு. இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் கோடுகள் மெலிந்து கோலமே மங்கிப்போகும். கேட்க வேண்டியது, எந்த இரண்டு எஃகு என்பதுதான். 1084-ம் 15என்20-ம் சேர்ந்தால் இரண்டுமே கடினமாகும். இரண்டாவதில் சுமார் 2 சதவீதம் நிக்கல் இருப்பதால் ஃபெரிக் குளோரைடில் முக்கும்போது அது வெளுத்து நிற்க, 1084 கறுக்கும். பெயர் சொல்லாமல் 'டமாஸ்கஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே கடினமாகாத மெல்லிரும்பும் கலந்திருக்கலாம். கோலம் அழகாகவே இருக்கும், வாய்தான் நிற்காது.

மேற்பரப்பில் மட்டும் கோலத்தை அரித்துப் பதித்த போலிகளும் உண்டு. உண்மையான அடுக்கில் கோடுகள் முதுகைத் தாண்டி மறுபக்கம் தொடரும். தேய்த்து மெருகேற்றினால் மறையும், மறுபடி அமிலத்தில் முக்கினால் திரும்பி வரும். முதுகுப் படம் கேட்பதற்கு இது இரண்டாவது காரணம்.

ஹமோன் என்னும் மங்கல் கோட்டிலும் இதே விளையாட்டு நடக்கிறது. களிமண் பூசித் தோய்க்கும்போது வாய் கடினமாகி முதுகு மென்மையாக நிற்கும் எல்லைதான் அந்தக் கோடு. மேலோட்டமாக மட்டும் கடினமாகும் 1095, டபிள்யூ2 போன்றவற்றில் அது நன்றாக விழும். டி2 காற்றிலேயே கடினமாகும் எஃகு. அதன் மேல் ஹமோன் கோடு தெரிந்தால் அது அமிலத்தால் வரைந்த ஓவியம்.

பெயருக்குப் பக்கத்தில் உள்ள பட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1976-ல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி, ஜர்னிமேன் ஸ்மித், மாஸ்டர் ஸ்மித் என்று இரண்டு நிலைகளில் தேர்வு வைக்கிறது. தொங்கவிட்ட 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டுமானப் பலகையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கிய பிறகும் அதே வாயால் கை ரோமத்தை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை இடுக்கியில் பூட்டி 90 டிகிரி வளைப்பார்கள், முறியக் கூடாது. மாஸ்டர் தேர்வுக்கு 300 அடுக்குக்குக் குறையாத டமாஸ்கஸில் இதையெல்லாம் செய்து காட்ட வேண்டும். கடுமையான தேர்வுதான். ஆனால் வளைந்துபோன அந்தக் கத்தி உங்கள் கைக்கு வரப்போவதில்லை. பட்டம் கைவினைஞரின் திறமைக்குச் சாட்சி, நீங்கள் வாங்கும் கத்திக்குத் தனிச் சோதனை எதுவும் நடந்திருக்காது.

பட்டம் இல்லாதவரை மட்டமாக எண்ணுவதும் பிழையே. அந்தச் சங்கம் உலையில் அடித்துச் செய்பவர்களுக்கானது. எஃகுப் பட்டையை அறுத்துத் தேய்த்து உருவாக்குபவர்கள் அந்த வரிசையில் வரவே மாட்டார்கள். புகழ்பெற்ற அமெரிக்கக் கைவினைஞர் பாப் லவ்லெஸ் அந்த முறையில்தான் செய்தார், அவர் கத்திகளைக் குறைசொல்ல யாருக்கும் துணிவில்லை.

பிடிக்கு வருவோம். யானைத் தந்தம், வால்ரஸ் தந்தம், கடமான் கொம்பு எல்லாம் பழைய மலர்களில் தாராளமாக வரும். படத்தைக் காட்டி அதே பிடி வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து எழுதுபவர்கள் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் 1989-ல் எடுத்த முடிவால் தடை வந்தது. அழிந்துபோன மாமத் யானையின் தந்தம் சைட்டிஸ் பட்டியலில் இல்லை, ஆனால் நியூயார்க், கலிஃபோர்னியா உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்கள் அதன் விற்பனையையும் தடுக்கின்றன. சுங்கத்தில் பிடிபட்டால் கத்தியும் போகும், பணமும் போகும். துணியைப் பிசினில் அழுத்திச் செய்யும் மைகார்ட்டாவிலோ பிசின் ஏற்றி உறுதிப்படுத்திய மரத்திலோ கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெயிலுக்குச் சுருங்கி விரிசல் விடும் பயமும் குறைவு.

படம் அனுப்பும் கைவினைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 8 அங்குல அகலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சாக 2400 பிக்சல் வேண்டும், சமூக ஊடகத்தில் ஏற்றி இறக்கிய படம் அதற்குத் தேறாது. கைரேகையைத் துடைக்காமல் எடுத்தால் அச்சில் அது துரு மாதிரி தெரியும். நீலமும் ஊதாவுமாக நிறமேற்றிய டைட்டானியம், திரையில் ஜொலித்தாலும் நால்வண்ண அச்சில் மங்கும். கத்தி வந்தபின் 'படத்தில் இப்படி இல்லையே' என்று வாசகர் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாக, அந்த உறை. படத்தில் கத்தியோடு ஒட்டிக்கொண்டு அழகாகக் கிடப்பதால் கத்தி குடியிருக்கும் வீடு அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் மிச்சமிருக்கும். கார்பன் எஃகு, டமாஸ்கஸ் எதையும் மாதக்கணக்கில் உறைக்குள் போட்டு வைத்தால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். உறை இடுப்பில் கட்டிப் போவதற்கு. வீட்டில் அலகை மெல்லிய மினரல் ஆயிலால் துடைத்து, உறைக்கு வெளியே காய்ந்த இடத்தில் வையுங்கள்.