மட்டக்களப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? வளவைச் சின்னதாகத் தொடங்குங்கள்

வெளிநாட்டில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வந்து இங்கே வீடு எடுப்பவர்களுக்கு ஒரு அவசரம் இருக்கும். முழு வளவும் ஒரே மாதத்தில் பச்சையாகிவிட வேண்டும். எனக்கும் இருந்தது. வீட்டுக்கு முன்னால் புல்தரை போட்டேன். பக்கத்து வளவு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாட்டுக்கா மனே புல்லு வளக்கிறாய்?" என்று கேட்டார். ஜூலையில் பாதி கருகிவிட்டது. படலை திறந்து கிடந்த ஒரு மத்தியானம் மீதியைக் கட்டாக்காலி மாடுகள் முடித்துவிட்டன. எனவே செடி நடுவதற்கு முன்னால் வேலியும் படலைக் கொளுக்கியும்.

மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். பிறகு வெயிலும், கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றும். தென்னை, மா, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் மாரி தொடங்கி இரண்டு நல்ல மழை விழுந்ததும் நட்டுவிடுங்கள். மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும், வேரும் இறங்கிவிடும். அதையே ஏப்ரலில் நட்டால் செப்டம்பர் வரை வாளியும் கையுமாக அலைய வேண்டியதுதான். முருங்கைக்கு மட்டும் மழைத் தண்ணீர் தேங்காத மேடான இடம் பாருங்கள்.

ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம், வீடு என்றால் உங்களுக்குக் கிடைப்பது மணல். ஊற்றும் தண்ணீர் நிற்காது, போடும் பசளையும் அதோடு கீழே போய்விடும். ஒரே தடவையில் அள்ளிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். தென்னைக்கு மூன்றடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன்மேல் மாட்டெருவும் மேல்மண்ணும் போட்டால் ஈரம் தங்கும். காலையில் முற்றம் கூட்டிச் சருகை எரிப்பது இங்கே பலருக்குப் பழக்கம். எரிக்காதீர்கள். மரத்தடியில் தண்டை ஒட்டாமல் பரப்பினால் தண்ணீர் ஊற்றும் வேலை நன்றாகக் குறையும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களிப்பாங்கான மண் என்றால் கதை வேறு. அங்கே பாத்தியை உயர்த்தினால்தான் மாரியில் வேர் அழுகாது.

மரக்கறிக்கு முதல் வருடம் இரண்டு பாத்தி போதும். குசினி வாசலுக்குப் பக்கத்தில், இரு பக்கமும் கை எட்டும்படி நாலடி அகலத்தில். கத்தரி, வெண்டி, கொச்சிக்காய், பயற்றங்காய். கோடை வந்ததும் ஒரு பாத்தியைச் சும்மா விட்டுவிடுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். வாழையை மட்டும் குசினித் தண்ணீர் ஓடும் பக்கம் வைத்துவிட்டால் அதைத் தனியாகப் பார்க்கவே தேவையில்லை.

வாவிக்குக் கிட்ட உள்ள கிணறுகள் சில கோடையில் உவர்க்கும். ஓகஸ்ட்டில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உவர்ப்பைத் தென்னை தாங்கும், பயற்றை தாங்காது.

அப்புறம், மாரியில் சிரட்டை, பழைய பூச்சட்டி, வெளியே கிடக்கும் பொச்சு எல்லாவற்றையும் மழை விட்ட கையோடு கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும்.